மூன்று வரியில் ஒரு வரிக்கு மட்டும் கையெழுத்து

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். இந்தக் காலேஜில் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த அறையில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேஜை மேல் ஒரு தாள் இருந்தது. மூன்று வரி. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என் பெயரை அச்சடித்திருந்தார்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று முழுசாகச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

2

என் பெயர் செல்வி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். வீடு அடையாறு ஆற்றோரம். அப்புறம் ஊருக்கு வெளியே. என் வீட்டுக்காரர் சேகருக்குச் சமையல் வேலை. இங்கே அமெரிக்காவில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் அவரை அழைத்துக்கொண்டார். பின்னாலேயே நானும் மூன்று வயசு மகள் பவித்ராவும் வந்தோம். அவளுக்கு இப்போது பதினேழு.

இது சின்ன ஊர். ஒரு காலேஜ், ஒரு ஆஸ்பத்திரி, சுற்றிச் சோளக்காடு. காலேஜில் முதலில் துணி துவைக்கிற இடத்தில் இருந்தேன். ஃபுட்பால் டீமின் ஜெர்சி ஒன்று தோளில் கிழிந்து வந்தது. தூக்கிப் போடச் சொன்னார்கள். மனசு வரவில்லை. தைத்து மடித்து வைத்தேன். மறுநாள் ரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். டீமின் சாமான்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தையல் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவர் அறையில் வேலை.

இங்கே ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். மற்றவர்கள் மோதி அவனைக் கீழே தள்ளுவார்கள். மோதுவதுதான் ஆட்டம். அதனால் தோளுக்குக் கவசம், தலைக்கு ஹெல்மெட். தொண்ணூறு பேர். அவர்கள் ஜெர்சியைத் துவைப்பேன், தைப்பேன், ஹெல்மெட்டைத் துடைத்து உள்ளே மெத்தைக்குக் காற்று அடிப்பேன், அறையின் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு விதி இருக்கிறது. கோச் என்று பெயர் பதிந்து வைத்த சில பேர்தான் ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம். மற்றவர்கள் கூடாது. வீடியோ எடுப்பவர் கூடாது. தண்ணீர் கொடுப்பவர் கூடாது. தைக்கிறவள் கூடாது.

விதியில் நியாயம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பணக்காரக் காலேஜ்கள் ஐம்பது பேரை வேறு வேறு பெயரில் வேலைக்கு வைத்து எல்லாரையும் கோச் ஆக்கிவிடுமாம். சின்னக் காலேஜ் என்ன செய்யும். பெரிய இடங்களில் இப்போது தளர்த்திவிட்டதாக ரே சொல்கிறார். எங்களுடையதில் அப்படியேதான் இருக்கிறது.

எனக்கு இதெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரியும். வருஷா வருஷம் விதிப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். தடியான புத்தகம். என் தையல் மெஷின் மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே மூன்று வருஷத்துப் புத்தகம் இருக்கிறது.

3

மயிலாப்பூரில் யாரும் டேப்பைப் பிடித்து அளவெடுக்க நிற்க மாட்டார்கள். புதுத் துணியோடு பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டிக் கொடுப்பார்கள். அளவு ஜாக்கெட். அதைப் பார்த்து வெட்ட வேண்டும்.

அளவு ஜாக்கெட் எல்லாம் சொல்லும். எந்தத் தோளில் பை மாட்டுகிறாள், எந்த இடுப்பில் பிள்ளையைத் தூக்குகிறாள், யாருக்கு மூன்று மாதம், யார் சாப்பிடாமல் கிடக்கிறாள். தையல் விட்டுக்கொண்ட இடம், துணி தேய்ந்த இடம், வியர்வை ஏறிய இடம். ஆளைப் பார்க்கவே வேண்டாம்.

பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும். அது எங்கள் வழக்கம். சொல்லாமல் பழைய அளவுக்கே வெட்டினால், நாளைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் குற்றம் நம் மேல்தான் வரும்.

ஒரு மாமி இருந்தார். குளத்துக்குத் தெற்கே வீடு. மாதத்துக்கு ஒரு ஜாக்கெட்டாவது தைக்கக் கொடுப்பார். லைனிங் துணி மட்டும் என்னைத் தி.நகர் போய்த்தான் வாங்கி வரச் சொல்வார், பக்கத்துக் கடைத் துணி சாயம் போகிறதாம். ஒரு தடவை வந்து, வலது கை மட்டும் இறுக்கமாக இருக்கிறது, பிரித்து விடு என்றார். விட்டேன். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே வலது கை. இடது கை அப்படியே இருந்தது.

“மாமி, ஒரு பக்கம் மட்டும் வீங்கினு வருது. டாக்டராண்ட காட்டுங்க” என்றேன்.

அவர் முகம் மாறியது. “ஏண்டியம்மா, தைக்கச் சொன்னா தையேன். ஆத்துல யாரும் கேக்காததெல்லாம் நீ கேட்டுண்டு இருக்கியே” என்றார். துணியை வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் வரவில்லை.

டாக்டரிடம் போனாரா என்று தெரியாது. நல்ல வாடிக்கை போய்விட்டது. சொன்னதற்கு நான் வருத்தப்பட்டதில்லை.

4

மார்கஸ் என்று ஒரு பையன். இருபது வயசு. ஓடி வருகிறவனை மோதி விழ வைப்பது அவன் வேலை. நல்ல உயரம். ஜன்னலுக்கு வந்தால் குனிந்துதான் பேசுவான். “மிஸ் செல்வி, இன்னைக்கு என்ன குழம்பு?” என்பான். ஒரு தடவை என் டப்பாவிலிருந்து மீன் குழம்பு கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர வர முழுசும் தின்றான். அதிலிருந்து தினமும் கேட்பான்.

ஹெல்மெட்டில் எதிர் டீமின் சாயம் கோடு கோடாக ஒட்டிக்கொண்டு வரும். எல்லாருக்கும் நெற்றிக்கு மேலேயும் பக்கவாட்டிலும் இருக்கும். மார்கஸுக்கு நடு உச்சியில் இருந்தது. ஜெர்சிக் கழுத்தும் பின்பக்கம் வாரா வாரம் தையல் விட்டது.

குனிந்துகொண்டு உச்சந்தலையால் மோதுகிறான். கழுத்து எத்தனை நாள் தாங்கும். இந்த ஆட்டத்தில் அப்படி மோதி, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் படுக்கையில் கிடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரே சொல்லியிருக்கிறார்.

ரேயிடம் காட்டினேன். “கோச்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்றார். மூன்று வாரம் பார்த்தேன். உச்சியில் கோடு கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் பயிற்சி நடக்கும்போது மார்கஸின் தாடை வார் அறுந்துவிட்டது. ஊசியோடு மைதான ஓரத்துக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றான். தைத்து முடித்தேன். கழுத்தளவு எடுக்கும்போது செய்வதுபோல இரண்டு விரலை அவன் தாடைக்குக் கீழே வைத்துத் தூக்கினேன். “தலை கீழே வேண்டாம். கண் மேலே. நெஞ்சால் மோது. தலையால் மோதினால் கழுத்து போகும்” என்றேன். என் இங்கிலீஷில் எப்படி வந்ததோ. அவனுக்குப் புரிந்தது. அடுத்த மோதலில் தலையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அதற்கடுத்த வாரம் ஒரு சின்னக் கோச் அவனைப் பாராட்டி, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாராம். மார்கஸ் சந்தோஷமாக, “மிஸ் செல்வி” என்று சொல்லிவிட்டான்.

5

காலேஜில் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவின் பெயர் டோனா. கெட்டவர் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குத் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார். ரேயும் இருந்தார். என் மகள் பவி என்னைக் காரில் கூட்டிப் போக வந்தவள், மொழிபெயர்க்க உட்கார்ந்தாள்.

டோனா கம்ப்யூட்டரில் வீடியோவைப் போட்டார். பயிற்சியை எப்போதும் படம் பிடிப்பார்கள். அதில் நான் சின்னதாகத் தெரிந்தேன். மார்கஸின் தாடையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

“இது நீங்கள்தானே?”

“நான்தான்.”

“என்ன சொன்னீர்கள்?”

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

“இது கோச் சொல்ல வேண்டியது.”

“கோச் சொல்லலை” என்றேன். ரே இருமினார்.

பவியிடம் அளவு ஜாக்கெட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உச்சியில் இருந்த கோடு, கழுத்துத் தையல், மூன்று வாரம். அவள் டோனாவைப் பார்த்து, அம்மாவுக்குப் புரிகிறது, அம்மா வருத்தப்படுகிறாள் என்று இங்கிலீஷில் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும்.

“நான் வருத்தப்படறேன்னு சொல்லலையே” என்றேன்.

“அம்மா, ப்ளீஸ்” என்றாள் பவி.

டோனா தாளை நகர்த்தினார். ஒன்று, ஆட்டக்காரன் ஒருவனுக்கு ஆட்டம் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு, அது விதிக்கு மாறு என்று தெரிந்தே செய்தேன். மூன்று, இனி எந்த ஆட்டக்காரனிடமும் ஆட்டம் பற்றி எதுவும் பேச மாட்டேன்.

சின்னத் தப்புதான், காலேஜே மேலிடத்துக்கு எழுதிச் சொல்லிவிடும், எச்சரிக்கையோடு முடிந்துவிடும் என்றார். கையெழுத்து இல்லாவிட்டால் முடியாது. ஜூன் மாதம் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது இந்தத் தாள் காலியாக இருந்தால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

“முதல் வரி நிஜம். ரெண்டாவது பொய். மூணாவது என்னால முடியாது” என்றேன்.

இதைப் பவி சரியாகச் சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் காலேஜில் படிப்பு இலவசம். அடுத்த வருஷம் அவள் சேர வேண்டும். என் வேலை இருந்தால் அவள் படிப்பு இருக்கிறது.

ஒரு வாரம் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார் டோனா.

6

ஒரு தடவை படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆற்றோரம் நாங்கள் இருந்த இடத்துக்கு ஒரு நாள், வீட்டைக் காலி பண்ணச் சொல்லி, அரசாங்க ஆட்கள் லாரியோடு வந்தார்கள். மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் தாள் கட்டு. “வரிசையா வந்து போடுங்கம்மா, லாரி நிக்குது” என்றார். எனக்குப் படிக்கத் தெரியும். தமிழில்தான் இருந்தது. ஆனால் பின்னால் ஐம்பது பேர் நின்றார்கள். பவி கைக்குழந்தை, இடுப்பில் அழுதுகொண்டிருந்தாள். எல்லாரும் போட்டார்கள். நானும் போட்டேன். என் அக்கா மல்லிகா கைநாட்டு வைத்தாள்.

கொண்டுபோய் விட்ட இடத்திலிருந்து மயிலாப்பூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நான் கடைக்கு வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை. கேட்கப் போனோம். அங்கே இருந்தவர் எங்கள் தாளை எடுத்துக் காட்டினார். எங்கள் விருப்பப்படியே இடம் மாறுகிறோம், எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. அழகாகவே போட்டிருந்தேன்.

“நீங்களே சம்மதிச்சு எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா” என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தத் தாள் என் வாயை வாங்கிக்கொண்டது.

7

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

“இன்னாமே, ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டு வாய மூடிகினு இருந்தா போச்சு” என்றார் சேகர்.

“வாய மூட முடியாதுன்னுதான் சொல்லிகினு கீறேன்.”

“அப்போ போட்டுட்டு மூடாத. யார் பாக்கப் போறா?”

“அது இன்னும் பொய்.”

சேகர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். பவி என்னையே பார்த்தாள்.

“அம்மா, அவன் யாரு உனக்கு? நான்தானே உன் பொண்ணு?”

மார்கஸின் அம்மாவை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். எங்கேயோ ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர். ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்து, ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பினார். என் ஜன்னலுக்கு வந்து, “என் பையன் துணியைத் தைக்கிறது நீங்கள்தானா?” என்று கேட்டார். இதைப் பவியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளை எதிர்த்துப் பேசுவதுபோல் ஆகும். அவள் கேட்டதும் நியாயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவுக்குப் போன் போட்டேன். பாலவாக்கத்தில் நாலு வீட்டு வேலை முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னாடி, அமெரிக்கா போயும் கையெழுத்துத் தகராறா?” என்று சிரித்தாள். எல்லாம் கேட்டுவிட்டு, “அந்தத் தாளைப் படிச்சியா?” என்றாள்.

“படிச்சேன்.”

“படிச்சுட்டு வேணாம்னு தோணுச்சா?”

“ஆமா.”

“அப்புறம் இன்னாத்துக்கு என்னைக் கேக்கறே? பஸ் வந்துகினு கீது, வைக்கிறேன்.”

8

மார்கஸ் ஜன்னலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் துணியை வேறொருவன் வாங்கிப் போனான்.

சனிக்கிழமை ஆட்டம். முடிந்து ஹெல்மெட்டுகள் வந்தன. மார்கஸின் ஹெல்மெட்டைத் திருப்பினேன். நடு உச்சியில் புதுசாக ஒரு பச்சைக் கோடு, விரல் நீளம். பழைய பழக்கத்துக்குப் போய்விட்டான். சொல்ல ஆள் இல்லை. சொன்னவளையும் மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் அதைத் துடைக்கவில்லை. திங்கட்கிழமை எல்லாருக்கும் ஹெல்மெட் கொடுத்தேன். கடைசியில் மார்கஸே வர வேண்டியதாகிவிட்டது.

“மிஸ் செல்வி, என் ஹெல்மெட்?”

“இல்லை.”

“அங்கே இருக்கிறதே. தெரிகிறது.”

“கொடுக்க மாட்டேன்.”

“ஏன்?”

“சொல்லக் கூடாது” என்றேன். “பெரிய கோச்சை வரச் சொல்.”

அவன் சிரிப்பதா வேண்டாமா என்று நின்றான். பின்னால் ரே, “செல்வி, வேண்டாம்” என்றார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஹெல்மெட் சரியில்லை என்றால் கொடுக்காமல் இருக்க எனக்கு உரிமை இருக்கிறது. அது என் வேலை. ஹெல்மெட் இல்லாமல் அவன் பயிற்சிக்குள் போக முடியாது. அது அவர்கள் விதி.

பெரிய கோச் வந்தார். ஆறரை அடி ஆள். வந்த வேகத்தில் ஜன்னல் பலகையில் இரண்டு கையையும் ஊன்றினார்.

“என்ன பிரச்சினை?”

நான் பேசவில்லை. ஹெல்மெட்டை எடுத்து உச்சி அவர் பக்கம் தெரிகிற மாதிரி வைத்தேன். பக்கத்தில் அவன் ஜெர்சியை வைத்துக் கழுத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு தையல். வாரத்துக்கு ஒன்று.

அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் பச்சைக் கோட்டைத் தடவினார். அவர் கழுத்து சிவந்தது.

“எத்தனை வாரமாக?”

ஏழு விரல் காட்டினேன்.

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். மார்கஸின் தோளில் கை போட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போனார். எனக்கு நன்றி ஒன்றும் சொல்லவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. அன்று பயிற்சி முடிகிறவரை அவர் மார்கஸோடுதான் நின்றார். மற்ற கோச்கள் சும்மா நின்றார்கள்.

9

மறுநாள் பவியோடு மறுபடியும் டோனாவின் அறை. தாளைப் புதுசாக அச்சடித்திருந்தார். பெரிய கோச் ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதனால் இரண்டாவது வரியை எடுத்துவிட்டார்களாம். ஒன்றும் மூன்றும் இருந்தன.

“உங்களுக்காக இவ்வளவு செய்திருக்கிறேன்” என்றார்.

செய்திருந்தார். அதை நான் மறுக்கவில்லை.

நான் பவியிடம் சொன்னேன். “நேத்து நான் வாயே திறக்கலை, ஹெல்மெட்டை மட்டும்தான் காட்டினேன். ஏன்னா நேரம் இருந்துச்சு. நாளைக்கு என் கண்ணு முன்னாடி ஒருத்தன் கழுத்து முறியற மாதிரி ஓடுறான்னு வை. அப்போ ஹெல்மெட்டைக் காட்ட நேரம் இருக்காது, வாய்தான் இருக்கும். அதை இந்தத் தாள்ல எழுதி வாங்கிக்கக் கூடாது. எப்படி விளையாடணும்னு சொல்லக் கூடாதுன்னா சரி, சொல்ல மாட்டேன். ஆபத்துன்னா சொல்லுவேன். அப்படி எழுதினா போடறேன்.”

பவி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதையும் விடவில்லை. கழுத்து முறியும் என்றபோது தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

டோனா பேனாவைக் கீழே வைத்தார். “மூன்றாவது வரியில் வார்த்தையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அந்த வரி எல்லாருக்கும் ஒன்றுதான்.”

“அப்போ முதல் வரிக்கு மட்டும் போடறேன்.”

மூன்றாவது வரியின் மேல் கோடு கிழித்தேன். முதல் வரிக்கு நேர் கீழே செல்வி என்று தமிழில் எழுதினேன். டோனா தடுக்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஜூனில் நான் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது, செல்வி.”

“தெரியும்” என்றேன். இதை இங்கிலீஷில் நானே சொன்னேன்.

வெளியே வந்தோம். காரில் ஏறிய பவி சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஜூன்ல வேலை போச்சுன்னா?”

“ஜாக்கெட் தைப்பேன். இந்த ஊர்ல நம்மாளுங்க முப்பது வீடு கீது.”

“என் காலேஜ்?”

“படிக்க வைப்பேன்.”

“எப்படின்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

அவள் என் மேல் கோபமாகத்தான் இருந்தாள். அது எனக்குத் தெரிந்தது. இருக்கட்டும். வண்டியை எடுத்தாள். மைதானத்தைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். பயிற்சி தொடங்கியிருந்தது. தூரத்தில் யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை, மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. பவி வேகத்தைக் குறைத்து அந்தப் பக்கம் பார்த்தாள்.

“இன்னொருத்தன் அப்படி மோதினா இன்னா பண்ணுவே?” என்று கேட்டாள்.

“சொல்லுவேன்” என்றேன்.